இருபது நிமிட வலி

டீச்சருக்கு முட்டி வலி ஆரம்பித்துச் சரியாக இருபது நிமிடம் ஆகிறது. இதோ, பஸ் நிறுத்தத்திலிருந்து சர்ச்சுக்குப் போகும் ஏற்றத்தில், ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளுமாக நொண்டிக்கொண்டு வருகிறார்.

"மெதுவா வாங்கக்கா. ஒரு அவசரமும் இல்ல" என்றாள் அந்தப் பெண். டீச்சரின் கைப்பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவள் மேல்தான் தொங்கின.

அவசரம் இருக்கத்தான் செய்தது. ஞாயிறு பள்ளி நடத்தும் டீச்சர்தான் இன்றைக்குச் சபையில் பிரசங்கச் செய்தி கொடுக்க வேண்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் செய்தியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இவள் ஏறினாள். நேராகப் பக்கத்தில் வந்து, "அக்கா, கொஞ்ச நேரம் நான் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இடுப்பில் பிள்ளை இல்லை, வயிற்றிலும் இல்லை. இருபத்தைந்து வயது, திடமான உடம்பு. டீச்சருக்குச் சுள்ளென்று வந்தது. "எனக்கு முட்டி வலிம்மா, நிக்க முடியாது" என்று வாய் கூசாமல் சொன்னதோடு, முட்டியை ஒரு தடவு தடவியும் காட்டினார்.

"அடடா, நீங்க உக்காருங்கக்கா" என்று அவள் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

அத்தோடு போயிருக்கும். இறங்கும் இடமும் ஒன்றாய், போகும் சர்ச்சும் ஒன்றாய் அமைந்து தொலைத்தால் என்ன செய்வது? சொன்ன பொய்க்காக நொண்டித்தானே ஆக வேண்டும்.

சர்ச் வாசலில் பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் அவள் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போனாள். தனக்காகத்தான் இப்படி நிதானிக்கிறாள் என்று நினைத்தபோது டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வேதாகமத்துக்குள்ளிருந்து, செய்தி எழுதிய தாளின் தலைப்பு வேறு எட்டிப் பார்த்தது: 'அந்நியருக்கு இரங்குங்கள்'. இவள் எதிரே உட்கார்ந்திருக்க, எந்த முகத்தோடு அதைப் பேசுவது? ஆண்டவரே, உள்ளே போவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று படிக்குப் படி வாயைத் திறந்தார். படிக்குப் படி மூடிக்கொண்டார்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது சர்ச் மணி அடித்தது. டீச்சர் நொண்டுவதை நிறுத்தினார். "ஏம்மா, பஸ்ல நான் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல..."

"ஒரு நிமிஷம்க்கா" என்று அவள் படியிலேயே உட்கார்ந்து, பேண்ட்டை இடது முட்டி வரை சுருட்டினாள். முட்டிக்குக் கீழே கால் இல்லை. ஓர் இரும்புக் குழாயும் தோல் பட்டைகளும்தான் இருந்தன. தளர்ந்திருந்த பட்டை ஒன்றை இழுத்து இறுக்கினாள்.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவமானத்தில் கண் நிறைந்துவிட்டது. "இத வச்சுக்கிட்டா என்னையும் தாங்கிட்டு வந்த? பஸ்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

அவள் சிரித்தாள். "இது கட்டைக் கால்க்கா, வலிக்காது. உங்களுது நிஜக் காலாச்சே."