மூன்றாவது சம்பந்தம்

கல்யாணப் பேச்சு ஆரம்பித்து ஒரு மணி நேரமாகிவிட்டது. தலையை எங்கே முட்டிக்கொள்வதென்று கோவிந்தசாமிக்குத் தெரியவில்லை.

"அம்பது பவுனுல ஒரு குண்டுமணி குறையக் கூடாதுங்க" என்றார் சிதம்பரத்துத் தணிகாசலம்.

"பத்து போதுங்க. ரெண்டு பிள்ளைங்களும்தான் சம்பாதிக்குதே?"

"காரு?"

"காரை மட்டும் விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ஊரு காறித் துப்பாது? மண்டபமும் பெரிய ஏசி மண்டபமா இருக்கணும்."

"கோயில்ல தாலி கட்டிட்டுச் சாப்பாடு போட்டா ஆவாதுங்களா?" கோவிந்தசாமி கிட்டத்தட்ட கையெடுத்தே கும்பிட்டார்.

தணிகாசலம் விருட்டென்று எழுந்தார். "வெளிப்படையாவே சொல்லிடுறேன். எதைக் குடுக்கிறேன்னாலும் வேணாம் வேணாம்ங்கிறீங்க. உங்க பையனுக்கு ஏதோ குறை இருக்கு. என் பொண்ணை நான் தர்றதா இல்ல."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகன் தமிழ்மணி சொன்னான். "இது மூணாவது எடம்ப்பா."

கோவிந்தசாமி மகனோடு திருப்பாதிரிப்புலியூருக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தரகருக்குப் போன் போட்டார்.

"அடுத்த எடத்துல, மாப்பிள்ளை வீட்டுல நூறு பவுனும் காரும் கேக்குறாங்கன்னு சொல்லிடுய்யா. அப்பவாவது என் புள்ளையை நல்லவன்னு நம்பட்டும்!"