நெட்டைக் கன்னையாவும் மட்டக்குதிரையும்

"இது நடக்கிற காரியமா மாரியாயி? பனைமரத்தைக் கொண்டாந்து ஆட்டுக்குட்டி மேல ஏத்துன்னு சொல்றியே!"

குதிரைக்காரர் பக்கிரிசாமி அண்ணன் லாயத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே தூக்கி அந்தக் குதிரை மேல் போட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு லாயத்துச் சுவரில் சாய்ந்திருந்தார். மலைக்காய்ச்சல். ஆடியில் பிடித்தது, தீபாவளி போயும் விடவில்லை. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரஸர் கொடுத்த கொயினா மருந்தைக் குடித்துக் குடித்துக் காது அடைத்ததுதான் மிச்சம். இனிமேல் கிள்ளான் ஆஸ்பத்திரிதான், உடனே கொண்டுபோனால் பிழைக்க வைக்கலாம் என்று அந்த மனுஷனும் கையை விரித்துவிட்டார்.

எப்படிக் கொண்டுபோவது? ஒரு வாரமாக விடாத மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்று தோட்டமே சும்மா கிடக்கிறது. மாட்டு வண்டி அச்சுவரைக்கும் சேற்றில் புதைந்துவிட்டது.

தூளி கட்டி நாலு ஆள் தூக்கட்டும் என்றார் கங்காணி. என் வீட்டுக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாலு பேர் தூக்கிப் போவது ஒரு தடவைதான், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உயிரோடு இருக்கிற புருஷனை நாலு பேர் தோளில் ஏற்றி அனுப்ப எவளுக்கு மனசு வரும்?

மிச்சம் இருந்தது துரை மகளின் மட்டக்குதிரை.

கப்பலில் வந்த குதிரை. நின்றால் என் இடுப்புக்கு வரும், அவ்வளவுதான். துரையின் காலில் விழுந்து கேட்டேன். குதிரை தானாக நடந்தால் கூட்டிப் போ, நின்றுவிட்டால் ஓர் அடிகூட அடிக்கக் கூடாது, ஆளை இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சனியன், அங்கேதான் சிக்கல். அந்தச் சின்னப் பெண் ஏறினால் குதிரை வாலை ஆட்டிக்கொண்டு துள்ளித் துள்ளிப் போகும். பெரிய ஆள் யார் உட்கார்ந்தாலும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். அன்றைக்குச் சின்னத்துரை விளையாட்டாக ஏறிப் பார்த்தார். ஒல்லியான ஆள்தான். ஹை ஹை என்று கத்திப் பார்த்துவிட்டு, முகம் சிவந்து இறங்கிப் போனார்.

"அந்தப் பாப்பா பாரத்துக்கு மேல ஒரு வீசை கூடினாலும் இது அசையாது தாயி. இவரு தோட்டத்துலயே நெட்டை" என்றார் அண்ணன்.

நெட்டைதான், யார் இல்லை என்றது? எங்கள் வீட்டு நிலையில் அவர் குனியாமல் நுழைந்ததே இல்லை. தோளில் கழியைப் போட்டு, ரெண்டு பக்கமும் பால்வாளி தொங்க அவர் நடந்தால் பலகைப் பாலம் கிறீச்சிடும்.

"ஏத்தித்தான் பாருங்களேன் அண்ணே! நடக்கலைன்னா நானே முதுகுல சுமந்துகிட்டுப் போறேன், போதுமா?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரரின் அக்குளில் கை கொடுத்தார். தனி ஆளாகவே தூக்கி உட்கார வைத்துவிட்டார். குதிரையோடு மல்லுக்கட்டுகிற உடம்பு, பலத்துக்கு என்ன குறைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் கால் ரெண்டும் தரையைத் தொட்டன. வேடிக்கை பார்க்க வந்த பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

துரை எதிரே வந்தால் எதன் மேலும் உட்கார்ந்திருக்கக் கூடாது, இறங்கிக் கைகட்டி நிற்க வேண்டும். தோட்டத்துச் சட்டம் அது. வழியில் பார்த்து நடந்துகொள் என்றார் அண்ணன்.

"எனக்கென்ன? எந்திரிச்சு நின்னாப் போதும். குதிரை அது பாட்டுக்கு அடியில போயிடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை நாளைக்கு அப்புறம் ஒரு கேலி அவர் வாயிலிருந்து! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிழைத்துக்கொள்வார், என் ராசா பிழைத்துக்கொள்வார் என்று அந்த நிமிஷமே நம்பிவிட்டேன்.

குதிரை நின்றது. காதைப் பின்னால் மடக்கியது.

நட சாமி, நட கண்ணு என்று அதன் நெற்றியைத் தடவினேன். காளியாத்தா, இது நடந்தால் உனக்குக் கிடா வெட்டுகிறேன்.

நடந்தது.

வாலை ஆட்டிக்கொண்டு, துள்ளித் துள்ளி, அந்தச் சின்னப் பெண்ணை ஏற்றிப் போகிற அதே நடை.

போகுதுடி, போகுதுடி என்று பொம்பளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பார்த்தீங்களாண்ணே என்று கேட்கத் திரும்பினேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவரைத் தூக்கிவிட்ட தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தட்டிய கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது.

மெலிந்துவிட்டார் என்று தெரியும். தினமும் கஞ்சி ஊட்டியவளுக்குத் தெரியாதா? ஆனால் உயரம் குறையவில்லையே. பாயில் தலை இருந்த இடத்தில் தலையும் கால் இருந்த இடத்தில் காலும் இருந்தன. நடுவில் எவ்வளவு போய்விட்டது என்று அந்தக் குதிரைதான் எனக்குச் சொன்னது.

முதுகில் சுமக்கிறேன் என்று வீம்புக்குத்தான் சொன்னேன். சுமந்திருக்கலாம். பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டே போயிருக்கலாம்.

அவர் கம்பளியை விலக்கித் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாரியாயி, நடக்குது பாரு!"

"ஆமாங்க, நடக்குது" என்று சொல்லிக்கொண்டே சேற்றில் பின்னால் போனேன்.