வலிய பனி

இது நான் நேரில் கண்டதில்லை. இருளம்மாள் வழியில் வந்தவர்கள் சொல்லக் கேட்டது. பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம்.

இருளம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"லூர்து அக்கா, ஒரு கம்பளி இருந்தாக் குடு. அணை வேலைக்குப் போன எம் மகன் கோட்டைச்சாமிக்கு மலையில 'வலிய பனி'யாம். ஏலக்காய்ப் பொதி இறக்குற மலையாளத்து ஆளு சொல்லிட்டுப் போறாரு. இப்பவே திரும்ப மலையேறுறாராம். அவருகிட்டக் குடுத்து விட்டுருவேன்."

லூர்து மேரி மறுபேச்சில்லாமல் பெட்டியைத் திறந்தாள்.

"போன மார்கழியில எம் மகன் அமிர்தராசுக்கும் இதே ஆளுதான் இதே சேதி கொண்டாந்தாரு. இருந்ததுல நல்ல கம்பளியாப் பாத்துக் குடுத்துவிட்டேன். பிள்ளை திரும்பல. கடைசியில அவன் மேல எங் கம்பளி கிடந்துச்சே, அதை நெனச்சுத்தான் உசுரோட இருக்கேன் தாயி."

உள்ளே கம்பு புடைத்துக்கொண்டிருந்த மருமகள் பிலோமினா, முறத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

"கம்பளி மட்டும் போனாப் போதுமா சின்னத்தை? நீங்க நேர்ல போயிக் கூட்டிட்டு வாங்க."

லூர்து மேரிக்குச் சுருக்கென்றது.

"ஏண்டி, கட்டுன புருசன் பனியில கிடந்தப்ப நீ போனியா? அடுத்தவளுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!"

பிலோமினா திரும்பிப் போய் முறத்தை எடுத்துக்கொண்டாள். இருளம்மாளுக்கும் கசந்தது. தான் செய்யாததைச் சொல்ல இவளுக்கு எப்படி வாய் வந்தது?

கம்பளியோடு தெருமுனை திரும்பியபோது, பிலோமினா பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க காலைப் பிடிக்கிறேன் சின்னத்தை. அந்த ஆளு கூடவே மலையேறுங்க. இல்லாட்டி என்னைய மாதிரி வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கணும்."

"அப்ப நீ ஏண்டி போகல?"

"அந்த ஆளு வந்தப்ப நான் வயக்காட்டுல இருந்தேன். அத்தை பனின்னாக. நானும் பனின்னுதான் நெனச்சேன். அந்த ஆளு வாயால நேரடியாக் கேட்டிருந்தா பறந்தாவது போயிருப்பேன். நான் குமுளிக்கு அங்கிட்டு, மலையாளத்துப் பக்கம் பொறந்தவ... அத்தைகிட்ட மட்டும் எதுவும் சொல்லிறாதீக."

இருளம்மாளுக்குப் பாதி புரியவில்லை. அந்த அழுகை மட்டும் புரிந்தது. அன்றே மலையேறினாள்.

மகனை உயிரோடு இறக்கிக் கொண்டுவந்த பிறகு, கம்பளியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"எங் கம்பளி உதவுச்சா தாயி?" என்று ஆசையோடு கேட்டாள் லூர்து மேரி.

கதவோரம் நின்ற பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உதவுச்சாவா? என்னா பனிங்கிற! இது இல்லாட்டி எம் பிள்ளை தங்கியிருக்க மாட்டான். அமிர்தராசுக்கும் அங்கன இதமாத்தான் இருந்திருக்கும்க்கா."

லூர்து மேரி கம்பளியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பின்னாளில் கம்பம் சந்தைக்கு வந்த மலையாளத்துக்காரர்கள் சிலரிடம் விசாரித்தேன். அவர்கள் பேச்சில் பனி என்றால் காய்ச்சல்.