ஆற்றில் ஊறும் பந்தய மோட்டார்

குறுக்குத்துறையில் முழங்கால் தண்ணீரில் எங்கள் பந்தய மோட்டார் கார் நிற்கிறது. மாலையில் பந்தயம். மூன்றாவது முறையும் கடைசியாக வந்தால் இனி எங்களைச் சேர்க்க மாட்டார்கள். மரச்சக்கரங்களில் ஆரக்கால்கள் ஆடுகின்றன, ஊறி இறுகட்டும் என்று பூதலிங்க ஆசாரி மாட்டுவண்டியைப் போலவே இதையும் ஆற்றில் இறக்கிவிட்டார். எஞ்சினிலிருந்து எண்ணெய் நிறம்நிறமாக வெயிலில் படர்கிறது. ஓட்டவேண்டிய கிருபைராஜ் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஓய்கிறான். "எஞ்சினுக்குள்ள தண்ணி போயிட்டு, ஆசாரியாரே." ஆசாரி சக்கரத்தைத் தட்டிக் காதை வைக்கிறார். "சத்தத்தக் கேளும் வே. எப்படி இறுகியிருக்கு." எஞ்சின் மூடியிலிருந்து கழற்றிய திருகுகளை நான் வரிசை மாறாமல் துடைத்து வைக்கிறேன், அதனால் பயனுண்டா என்று தெரியவில்லை. மாடு குளிப்பாட்டுகிறவர் சிரிக்கிறார். "பந்தய மைதானம் வரைக்கும் நம்ம காளைகளப் பூட்டுங்க, தம்பி. அதுகளுக்கு எண்ணெயும் வேண்டாம்." கிருபைராஜ் கயிற்றை வாங்குகிறான். காளைகள் இழுக்க, மோட்டார் நீர் சொட்டச் சொட்டக் கரையேறுகிறது. சக்கரங்களில் ஒன்றுகூட ஆடவில்லை.