தலைவர் கையால்

சாவியை அவளே கொடுத்துவிட்டாள்.

திரையில் அது அவள் பையிலிருந்து கிளம்பி, நீலமாக மினுங்கிக்கொண்டே தலைவரின் பைக்குள் போய் விழுந்தது. ஐந்து மாத உழைப்பு. போய்ச்சேர அரை நொடி.

கல்கோட்டைக் கதவின் முன்னால் படையின் நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் கவசம், வாள். இரண்டு பேருக்கு இறக்கைகூட இருந்தது.

மைக்கில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

கதவுக்குப் பின்னால் அவள் தங்கை.

தங்கை இருப்பது மஸ்கட்டில். உள்ளே சிறைப்பட்டிருப்பது, இந்த விளையாட்டில் நான்கு வருடமாகத் தங்கை வளர்த்த வில்வீராங்கனை. கல்யாணமாகிப் போனபிறகு அக்காவும் தங்கையும் சேர்ந்து நடக்க மிஞ்சியிருந்தது இந்த விளையாட்டுக் காடு ஒன்றுதான்.

அவள் கொடுத்த அந்த எலும்புச் சாவி ஒரே ஒரு முறை திறக்கும். திறப்பவர் மட்டும் உள்ளே போகலாம். ஒன்றைத்தான் வெளியே கொண்டுவரலாம். கைதி, இல்லையென்றால் கிரீடம்.

விட்டுவந்தது பொழுது சாயும்போது கோட்டையோடு அழிந்துவிடும்.

அவளே திறந்திருக்கலாம்.

ஆனால் படையில் ஒரு வழக்கம். பாலம் கட்டினாலும் கிணறு வெட்டினாலும் தலைவர் கையால்தான் திறப்பு. செயலாளர் நேற்றே அழைப்பிதழ் போட்டுவிட்டார். தலைவர் படம் பெரிதாக, கதவு சிறிதாக. ‘பொற்கரங்களால் சாவியைத் திருகி’ என்று நடுவில் ஒரு வரி. அவள் பெயர், ‘மற்றும் பலர்’ என்பதற்கு நேர் மேலே.

"ஒன் தங்கச்சின்னா எனக்கு யாரும்மா? எந் தங்கச்சி" என்று தலைவர் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

விளையாட்டில் தலைவரின் பெயர் அகிலம்வென்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு தியாகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். யாருடைய தியாகம் என்று சொல்லவில்லை.

திருகினார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் தங்கைக்காகக் குதிரை ஒன்றைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக் குதிரை. தங்கைக்குப் பிடிக்கும்.

கதவு திறந்தது.

முதலில் வெளிச்சம். பிறகு தலைவர். பிறகு, தலைவரின் தலை.

கிரீடம் கொஞ்சம் பெரிது. காதில் முட்டி நின்றது.

வாணவேடிக்கை விட்டார்கள். இறக்கை வைத்த இருவரும் பறந்து பூத் தூவினார்கள்.

"படைக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்லம்மா" என்றார் தலைவர்.

அவள் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

செயலாளர் இரங்கல் தீர்மானத்தை வாசித்தார். அது முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்தது. தங்கையின் பெயரில் ஒரு பிழைகூட இல்லை.

பிறகு ஒரு நிமிட மௌன அஞ்சலி.

மைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குக்கர் நின்றது. யாருடைய மின்விசிறியோ நின்றது.

ஒன்று மட்டும் அணையவில்லை. மஸ்கட்டிலிருந்து அப்போதுதான் இணைந்தது.

"அக்கா... கதவு தொறந்துச்சு. நீதான்னு எந்திரிச்சு நின்னேன். வந்தவரு என்னைத் தாண்டிப் போயிட்டாரு. நீ பின்னாடி வர்றியாக்கா? நிக்கவா, உக்காரவா?"

செயலாளர் தன் மைக்கைப் போட்டார்.

"ஷ்ஷ்."