கருவாட்டு வியாபாரியின் மூக்கு

சிஞ்ஞோரா ஒர்த்தென்சியா கறுப்பு உடையில் மண்டியிட்டு விசும்பிக்கொண்டிருந்தாள். எதிரே மேடைமேல் அவள் கணவர், கருவாட்டு வியாபாரி ஜெரோலமோ, வெள்ளைப் பளிங்கில் மார்பளவுச் சிலையாக நின்றார்; அவருக்குக் கீழே, இதே கோலத்தில் மண்டியிட்டபடி அவளும் பளிங்கில் இருந்தாள்.

“அப்படியே இருங்க! கண்ணைத் துடைச்சிடாதீங்க!” என்றான் சிற்பி எவாரிஸ்தோ. இத்தாலியின் கராரா ஊரிலிருந்து ஜெனோவா நகரத்துக்கு அவன் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவனுக்குக் கிடைத்த முதல் கல்லறைச் சிலை இது.

“இவரைக் கல்லாப் பாத்தாலே அழுகை பொத்துக்கிட்டு வருது” என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

தனக்காக இப்படி அழ ஒருத்தி இல்லையே என்று அவனுக்கு ஏக்கம். அந்த ஏக்கத்தில்தான், சிலையில் அவள் சால்வையின் லேஸ் பின்னலை ஒரு மாதத்தில் முடிக்காமல், துளை துளையாக நாலு மாதம் குடைந்தான். அவள் கொடுத்த போட்டோவில் லட்சணமாக இருந்த ஜெரோலமோவின் மூக்கோ பளிங்கில் கத்தரிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பொறாமைதான். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

இன்று பின்னலில் குடைய இடமே பாக்கியில்லை. நாளை சிலை கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடும். அப்புறம் அவளுக்கு இந்த மாடிப்படி ஏற வேலையே இல்லை.

“கல்வெட்டுல பொறந்த தேதியை வெட்டிட்டேன். அந்த இன்னொரு தேதி…”

“அது காலியாவே இருக்கட்டும். இப்ப வேண்டாம்.”

பாவம், வாய்விட்டுச் சொல்லக்கூட முடியவில்லை! எவாரிஸ்தோவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. உளியைப் போட்டுவிட்டு அவனும் அவள் எதிரே மண்டியிட்டான். தலையிலிருந்து பளிங்குத் தூள் கொட்டியது. பார்க்கக் காதலன் மாதிரி இல்லை, மாவு அரைக்கிறவன் மாதிரி இருந்தான்.

“சிஞ்ஞோரா, எனக்குச் சொத்து கிடையாது. சமையலும் சுமார்தான். ஆனா உங்களை அழவிட மாட்டேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா?”

அவள் அழுகை சட்டென்று நின்றது. பதிலுக்கு விக்கல்தான் வந்தது.

“அவரை நினைச்சுத்தானே தயங்கறீங்க?” அவன் பளிங்கு மூக்கைக் காட்டினான். “கல்லறைக்கே வந்து, அவர் முன்னாடி மண்டி போட்டு நானே சம்மதம் கேக்கறேன்.”

கீழே தெருவில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. மரப்படி முனகியது.

அவள் அவன் தோளிலிருந்த தூளைப் பரிவோடு தட்டிவிட்டாள். “நல்ல பையன்பா நீ. உங்க ஊர்ல எப்படியோ, நாங்க ஜெனோவாக்காரங்க எதையும் கடைசி நிமிஷம்வரைக்கும் தள்ளிப்போட மாட்டோம்.”

“அப்போ இப்பவே கல்லறைக்குப் போலாமா?”

“எதுக்கு? அவரே தன் சிலையைப் பாக்க மாடி ஏறி வந்துக்கிட்டிருக்காரு. முதல்ல அந்த மூக்கைக் கொஞ்சம் செதுக்கு!”