ஊற்றுள்ள மனை

தன் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இந்த மனையில் தங்கை வகுளா வீடு கட்டிவிட்டால், அவளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று கோதை நினைத்தாள். ஆனால் மனையிலுள்ள குட்டைத் தண்ணீரில், பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் ரேடான் வாயு இருந்தால் அடியில் ஊற்று உயிரோடிருக்கிறது. அங்கே வீடு கட்டச் சட்டம் விடாது. அளந்து சொல்வது கோதையின் வேலை. சோதனைக்கான புட்டியைக் குட்டை நீருக்குள் அமிழ்த்தி நிரப்பினாள்.

“அக்கா, மூடாம புட்டியை வெளியே எடுத்துக் கொஞ்சம் குலுக்கேன். வாயு போயிடும்னு நீதானே சொன்னே?” என்றாள் வகுளா.

“உங்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு.”

“நான் பக்கத்துல இல்லேன்னா உங்கூட யாரு சண்டை போடுவா?”

கோதைக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. ஒரு குமிழிகூட நுழையாதபடி நீருக்குள்ளேயே மூடியை இறுக்கினாள். தங்கையின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி, புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பள்ளம் பாத்து மெதுவா ஓட்டுடி.”